நான் உட்கார மறுத்த வகுப்பு

என்னை நம்பி வழி கேட்ட ஒரு மாணவருக்கு நான் தெரிந்தே தவறான வழியைச் சொன்னேன். அவர் இயற்பியலை விட்டே போனார். இதை இதுவரை நான் வெளியில் சொன்னதில்லை. இன்று நானும் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறேன். வருடா வருடம் மேற்படிப்புக்குப் போகிற பிள்ளைகள் வந்து, "சார், எம்.எஸ்ஸி.யில் என்ன பேப்பர் எடுக்கலாம்? பிஎச்.டி. மாணவர்களுக்கான பாடத்தை இப்போதே எடுத்துவிட்டால் நல்லதா?" என்று கேட்கிறார்கள். நானும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அந்தப் பதில் எனக்கு எப்படிக் கிடைத்தது, யார் அதற்கு விலை கொடுத்தார்கள் என்பதை மறைத்துவிட்டு இனியும் பதில் சொல்வது சரியில்லை.

நான் பி.எஸ்ஸி. படித்தது தென்மாவட்டத்தில் ஒரு கல்லூரியில். பல்கலைக்கழக ரேங்க் வாங்கினேன். அந்த ரேங்க் எப்படி வந்தது என்று முதலில் சொல்கிறேன். வெப்ப இயற்பியல் தாளில் கார்னோ எந்திரம் பத்து மதிப்பெண் கேள்வியாக வரும். படம் போட்டு, நான்கு நிலைகளையும் வரிசையாக எழுதி, கடைசியில் செயல்திறன் சூத்திரத்தைக் கட்டம் கட்டிவிட்டால் பத்துக்குப் பத்து. மாக்ஸ்வெல் தொடர்புகள் நான்கையும் மனப்பாடமாக எழுதுவேன். அவற்றை வைத்து ஒரு கணக்குப் போடச் சொல்லி என்னிடம் யாரும் கேட்டதில்லை, நானும் போட்டதில்லை. ஆய்வகம் இன்னும் மோசம். நியூட்டன் வளையங்கள் சோதனையில் லென்ஸின் வளைவு ஆரம் என்ன வரவேண்டும் என்று எல்லோருக்கும் முன்பே தெரியும். அந்த விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, அளவீடுகளை ரெக்கார்டு நோட்டில் நிரப்புவோம். நுண்ணோக்கியில் நான் அந்த வளையங்களைச் சரியாக எண்ணிப் பார்த்ததே இல்லை. என் ஆசிரியர்கள்மேல் எனக்குக் குறையில்லை. ஒவ்வொருவர் தலையிலும் எத்தனை வகுப்புகள், எத்தனை விடைத்தாள்கள் என்று இப்போது எனக்கே தெரிகிறது. எனக்குத் தெரியாதது எது என்று எனக்குத் தெரிந்தே இருந்தது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

பிறகு வெளிமாநிலத்தில் ஒரு நல்ல ஆய்வு நிறுவனத்தில் எம்.எஸ்ஸி. இடம் கிடைத்தது. அங்கே பன்னிரண்டாம் வகுப்பு முடித்து நேராக வந்து சேர்ந்த ஐந்தாண்டுப் படிப்பு மாணவர்கள் இருந்தார்கள். பி.எஸ்ஸி. முடித்து வெளியிலிருந்து வந்த எங்களைப் போன்றவர்கள் சிலர். பிஎச்.டி. மாணவர்கள் தனி. பாடங்களைத் தேர்ந்தெடுப்பதில் நிறையச் சுதந்திரம் இருந்தது. அடிப்படை போதாது என்று நினைக்கிறவர்கள் ஐந்தாண்டுப் படிப்பின் மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து வெப்ப இயற்பியல், ஒளியியல், ஆய்வகம் ஆகியவற்றை எடுக்கலாம். தைரியம் இருப்பவர்கள் பிஎச்.டி. மாணவர்களுக்கு நடக்கும் பாடங்களை எடுக்கலாம். அந்த ஆண்டு அங்கே ஜாக்ஸன் புத்தகத்தை வைத்து மின்னியக்கவியலும், பெஸ்கின்–ஷ்ரோடர் புத்தகத்தை வைத்து குவாண்டம் புலக் கோட்பாடும் நடந்தன.

எனக்கு ஆலோசகராக இருந்தவர் ஒரு தமிழ்ப் பேராசிரியை. படிவத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"தெர்மல் எவ்வளவு படிச்சிருக்கே?"

"முழுசாப் படிச்சிருக்கேன் மேடம். ரேங்க் வாங்கியிருக்கேன்."

"அதைக் கேக்கலைப்பா. கணக்குப் போட்டிருக்கியா?"

"போட்டிருக்கேன் மேடம்."

அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். மூன்றாம் ஆண்டு வகுப்பில் போய் உட்கார் என்று சொல்ல அவருக்கு மனம் இருந்தது என்று நினைக்கிறேன். பொய் சொல்லி அந்த வாய்ப்பை அடைத்தவன் நான்.

ஏன் பொய் சொன்னேன் என்று பல காலம் பல காரணங்களை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அமெரிக்காவுக்கு விண்ணப்பிக்கும்போது டிரான்ஸ்கிரிப்டில் பிஎச்.டி. பாடங்கள் இருந்தால் மதிப்பு கூடும், அதனால்தான் எடுத்தேன் என்பது அதில் ஒன்று. அந்தக் காரணம் உண்மையில்லை. என்னைவிட இரண்டு வயது சின்னவர்கள், பள்ளியிலேயே இரோதோவ் புத்தகத்துக் கணக்குகளைப் போட்டுவிட்டு வந்தவர்கள், ஆசிரியர் கேள்வி கேட்டு முடிப்பதற்குள் ஆங்கிலத்தில் பதில் சொல்லக்கூடியவர்கள், அவர்கள் நடுவில் ரேங்க் வாங்கிய நான் போய் உட்கார்ந்து "புரியவில்லை" என்று கை தூக்க வேண்டும். அது எனக்கு முடியவில்லை. பிஎச்.டி. வகுப்பில் புரியாமல் உட்கார்ந்திருப்பது கௌரவமாக இருந்தது. அங்கே யாருக்குமே பாதி புரியாது. என் அறியாமையை ஒளித்துவைக்க அதைவிட நல்ல இடம் கிடைக்காது என்பதால் அங்கே போனேன்.

ஜாக்ஸனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1962இல் முதலில் வந்த அந்தப் புத்தகம், உலகம் முழுக்க இயற்பியல் ஆய்வு மாணவர்கள் கடந்தாக வேண்டிய ஒன்றாக இன்றும் இருக்கிறது. பாடத்தைவிட அதன் கணக்குகளுக்குத்தான் பேர் அதிகம். ஒரு கணக்குக்கு ஒரு வாரம் பிடிக்கும். எல்லை நிபந்தனைகளைப் போட்டு, லெஜாந்தர் கோவைகளிலும் பெஸ்ஸல் சார்புகளிலும் விரித்து, விடை வந்த பிறகு அது சரியா என்று எளிய நிலைகளில் சோதித்துப் பார்க்க வேண்டும். அந்தச் சோதனைக்குத்தான் இளநிலைப் பாடம் தேவைப்படுகிறது. தூரத்தில் போனால் புள்ளி மின்னூட்டம்போலத் தெரிய வேண்டுமே, கடத்தியின் பரப்பில் புலம் செங்குத்தாக இருக்க வேண்டுமே என்றெல்லாம் ஒருவனுக்குத் தானாகத் தோன்ற வேண்டும். கிரிஃபித்ஸின் இளநிலைப் புத்தகத்தில் நூறு கணக்காவது போட்டவனுக்கு அது தோன்றும். நான் போடவில்லை. எனக்குத் தோன்றவில்லை.

ஆகவே நகல் எடுத்தேன். விடுதியில் கைமாறி வந்த பழைய விடைக் கட்டுகள் இருந்தன. ஒருமுறை நான் எடுத்த விடை இரண்டாம் பதிப்புக் காலத்தில் யாரோ எழுதியது. அந்தப் பதிப்பு முழுவதும் காஸ் அலகுகளில் இருக்கும். எங்களுக்கு நடந்தது மூன்றாம் பதிப்பு. அதில் முதல் பத்து அத்தியாயங்களை ஜாக்ஸன் எஸ்.ஐ. அலகுகளுக்கு மாற்றியிருந்தார். மின்புலத்தின் அடியில் வரவேண்டிய நான்கு பை எப்சிலான் இல்லாமல், அப்படியே பார்த்து எழுதிக் கொடுத்துவிட்டேன். திருத்தியவர் அந்த வரியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, "எந்த அலகு?" என்று பக்கத்தில் எழுதியிருந்தார். கேள்வி என்னவென்றே அன்று எனக்குப் புரியவில்லை. அடுத்த வாரம் அலகைச் சரிபார்த்து நகல் எடுக்கும் அளவுக்கு மட்டும் கற்றுக்கொண்டேன். புலக் கோட்பாட்டில் காமா அணிகளின் பெருக்கல்களை விதிப்படி செய்துகொண்டே போகலாம், அர்த்தம் தெரியாமலும் விடை வரும். அதில் எனக்குச் சுமாரான கிரேடு கிடைத்தது. ஊரில் கேட்டவர்களிடம் "குவாண்டம் ஃபீல்ட் தியரி படிக்கிறேன்" என்று சொன்னபோது கிடைத்த மரியாதையை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அமெரிக்க மேற்படிப்புக்காக எழுதும் ஜி.ஆர்.ஈ. இயற்பியல் தேர்வு என்னைக் காட்டிக்கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை. நான் எழுதிய காலத்தில் அதில் 170 நிமிடங்களில் 100 கேள்விகள். வெப்பவியலும் புள்ளியியல் இயக்கவியலும் 10 விழுக்காடு, ஒளியியலும் அலைகளும் 9, ஆய்வக முறைகள் 6. நான் உட்கார மறுத்த மூன்று வகுப்புகளும் சேர்ந்து அந்தத் தேர்வில் சரியாகக் கால் பங்கு. அந்தக் கால் பங்கை ஏறக்குறைய விட்டுவிட்டே எழுதினேன். இயந்திரவியலும் மின்காந்தவியலும் காப்பாற்றின. மோசமில்லாத மதிப்பெண் வந்தது. அமெரிக்காவில் மத்திய மேற்குப் பகுதியில் ஒரு பல்கலைக்கழகத்தில் இடமும் கிடைத்தது.

அங்கே போனதும் முதல் நாளே தெரிந்துகொண்ட ஒரு விஷயத்தை இங்கே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இதைச் சொல்லத்தான் நான் பிறகு தவறினேன். அமெரிக்காவில் பெரும்பாலான இயற்பியல் துறைகள் பிஎச்.டி.க்குச் சேரும் எல்லோரையும் முதலாண்டில் ஜாக்ஸன் மின்னியக்கவியல், குவாண்டம் இயக்கவியல், புள்ளியியல் இயக்கவியல் ஆகியவற்றை எடுக்கவைக்கின்றன, அல்லது ஒரு தேர்வு எழுதித் தெரியும் என்று காட்டச் சொல்கின்றன. வேறு இடத்தில் எடுத்த கிரெடிட் பெரும்பாலும் கணக்கில் சேராது. அதாவது நான் நகல் எடுத்துக் கடந்த அதே பாடத்தை அங்கே திரும்பவும் முதலிலிருந்து படிக்க வேண்டியிருந்தது. விண்ணப்பம் டிசம்பரில் போய்விடும் என்பதால், கடைசி அரையாண்டில் எடுக்கும் பெரிய பாடத்தின் மதிப்பெண்ணைத் தேர்வுக் குழு பார்ப்பதுகூட இல்லை. அவர்கள் ஊன்றிப் படிப்பது பரிந்துரைக் கடிதங்களையும், அடிப்படைப் பாடங்களில் வாங்கிய மதிப்பெண்களையும், ஆய்வு ஏதாவது செய்திருக்கிறாயா என்பதையும்.

பிறகு வந்தது குவாலிஃபையர். இந்தத் தேர்வைத் தாண்டினால்தான் பிஎச்.டி.யில் நீடிக்க முடியும். பெரும்பாலும் இரண்டு வாய்ப்புகள்தான் தருவார்கள். சில துறைகள் இப்போது இதைக் கைவிட்டுவிட்டன, பல இடங்களில் இன்னும் இருக்கிறது. வெளியில் இருப்பவர்கள் இதில் பயங்கரமான மேல்நிலைக் கேள்விகள் வரும் என்று நினைக்கிறார்கள். எங்கள் துறையில் முதல் நாள் முழுவதும் இளநிலைப் பாடம்.

அதில் வந்த ஒரு கேள்வியை நான் மறக்க மாட்டேன். ஒரே வெப்ப ஏற்புத்திறன் கொண்ட இரண்டு பொருள்கள். ஒன்று 400 கெல்வின், மற்றது 100 கெல்வின். இடையே ஒரு மீள் எந்திரத்தை வைத்து, இரண்டும் ஒரே வெப்பநிலைக்கு வரும்வரை வேலை வாங்குகிறோம். கடைசி வெப்பநிலை என்ன? கிடைத்த வேலை எவ்வளவு? நான் உடனே சராசரி எடுத்து 250 என்று எழுதினேன். எழுதியதும் வேலை சுழி என்று வந்தது. ஒன்று இழந்த வெப்பமெல்லாம் மற்றதுக்கே போய்விட்டால் வேலைக்கு எதுவும் மிஞ்சாதே. ஏதோ தவறு என்று தெரிந்தது, எங்கே என்று தெரியவில்லை. மீள் எந்திரம் என்றால் மொத்த எண்ட்ரோபி மாறாது, ஆகவே கடைசி வெப்பநிலை இரண்டின் பெருக்கலுக்கு வர்க்கமூலம், 200 கெல்வின், மிச்சமுள்ள ஆற்றல் வேலையாக வெளியே வருகிறது. இரண்டு வரிக் கணக்கு. கார்னோ எந்திரத்துக்குப் பத்துக்குப் பத்து வாங்கியவன் நான். எந்திரத்தின் படத்தை அந்தத் தாளில் அழகாகப் போட்டும் வைத்திருந்தேன்.

அடுத்தது சோப்புப் படலம். செங்குத்தாகப் பிடித்த படலம் வடிந்து மெலியும்போது மேல் பகுதி உடைவதற்கு முன் ஏன் கறுப்பாகத் தெரிகிறது? முன்பரப்பில் எதிரொளிக்கும் அலை தலைகீழாகிறது, பின்பரப்பில் எதிரொளிப்பது ஆவதில்லை. படலம் மிக மெலிதாகும்போது இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. மின்காந்த அலைகளின் எதிரொளிப்பைப் பற்றி ஜாக்ஸனின் ஏழாம் அத்தியாயத்தில் எத்தனையோ பக்கங்களை நகல் எடுத்திருக்கிறேன். இந்தக் கேள்விக்கு என்னால் ஒரு வாக்கியம் எழுத முடியவில்லை. ஒரு கதிரியக்க மூலத்திலிருந்து 10,000 எண்ணிக்கை பதிவானால் அதன் பிழை எவ்வளவு என்று இன்னொன்று. வர்க்கமூலம், 100, அதாவது ஒரு விழுக்காடு. உண்மையாக ஒரு சோதனையைச் செய்த யாருக்கும் தெரிந்த விஷயம். அந்த இடத்தை வெறுமையாக விட்டேன்.

தோற்றேன். நெருக்கமாகத் தோற்கவில்லை, நன்றாகத் தோற்றேன். வீட்டில் சொல்லவில்லை. ஊரில் யாருக்கும் சொல்லவில்லை.

இந்தச் சமயத்தில்தான் அந்தக் கடிதம் வந்தது. என் பழைய கல்லூரியில் எனக்குப் பின் படித்தவர், அதே ஆய்வு நிறுவனத்தில் எம்.எஸ்ஸி. சேர்ந்திருந்தார். என்னைப் பார்த்துத்தான் அங்கே விண்ணப்பித்தாராம். "அண்ணா, எனக்குத் தெர்மலும் ஆப்டிக்ஸும் ஒண்ணுமே தெரியலை. கைடு வெச்சுப் படிச்சதுதான். தேர்ட் இயர் பசங்களோட சேர்ந்து முதல்லேருந்து படிக்கலாமான்னு யோசிக்கிறேன். ஆனா நீங்க நேரா ஜாக்ஸனும் க்யூ.எஃப்.டி.யும் எடுத்தீங்கன்னு சொன்னாங்க. எனக்கு என்ன செய்யறதுன்னு தெரியலை, நீங்க சொல்லுங்க" என்று எழுதியிருந்தார்.

நான் சொல்லத் துணியாத ஒன்றை அவர் சொல்லியிருந்தார். தனக்குத் தெரியாது என்று ஒரு அந்நியனுக்கு எழுதும் நேர்மை அவரிடம் இருந்தது. சரியான முடிவையும் அவரே எடுத்து வைத்திருந்தார். "ஆமாம் தம்பி, அந்த வகுப்புக்குப் போ" என்று எழுதினால் போதும்.

ஆனால் அப்படி எழுதினால், நீங்கள் ஏன் போகவில்லை என்ற கேள்வி வரும். குவாலிஃபையர் என்ன ஆயிற்று என்ற கேள்வி வரும். ஆகவே இரண்டு பக்கத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். கீழ்வகுப்பில் உட்கார்ந்தால் டிரான்ஸ்கிரிப்ட் பலவீனமாகத் தெரியும் என்று எழுதினேன். பெரிய பாடத்தை எடுத்தால் சின்னது தானாக வந்துவிடும் என்று எழுதினேன். தோற்ற விடைத்தாள் என் மேசை இழுப்பறையில் கிடக்கும்போது இதை எழுதினேன். போதாதென்று வானியற்பியலாளர் சந்திரசேகரின் கதையையும் சேர்த்தேன்.

அந்தக் கதையை இயற்பியல் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகள் பலரும் கேட்டிருப்பார்கள். சென்னை மாநிலக் கல்லூரியில் அவர் பட்டப்படிப்பில் இருந்தபோது, 1928இல் ஜெர்மன் இயற்பியலாளர் சோமர்ஃபெல்டு இந்தியாவுக்கு வந்தார். அவர் எழுதிய அணு அமைப்பைப் பற்றிய புத்தகத்தைச் சந்திரசேகர் தானாகவே படித்து முடித்திருந்தார். நேரில் போய்ப் பார்த்தபோது, அந்தப் புத்தகத்தில் உள்ள குவாண்டம் கோட்பாடு பழையதாகிவிட்டது, ஷ்ரோடிங்கரும் ஹைசன்பர்கும் டிராக்கும் எல்லாவற்றையும் மாற்றிவிட்டார்கள் என்று சோமர்ஃபெல்டு சொன்னார். உலோகங்களில் எலக்ட்ரான்களைப் பற்றித் தாம் எழுதிய கட்டுரையின் அச்சுப்படியையும் கொடுத்தார். இளைஞர் அதைப் படித்து, 1929இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் தம் கட்டுரையை வெளியிட்டுவிட்டார். "அவர் யாரிடமும் கீழ்வகுப்பில் உட்காரவில்லை" என்று தம்பிக்கு எழுதினேன்.

இப்போது அந்த வரியை நினைத்தால் உடம்பு கூசுகிறது. சோமர்ஃபெல்டு கொடுத்த அந்த அச்சுப்படியில் இருந்தது ஃபெர்மி–டிராக் புள்ளியியல். 1930இல் இங்கிலாந்துக்குப் போகும் கப்பலில் வெண்குறு விண்மீன்களின் நிறைக்கு ஒரு உச்ச எல்லை உண்டு என்று அவர் கணக்கிட்டதற்கு அடிப்படையும் அதே புள்ளியியல் இயக்கவியல்தான். எந்தப் பாடத்திலிருந்து நான் ஓடினேனோ, எந்தப் பாடத்தை எடுக்க வேண்டாம் என்று தம்பியைத் தடுத்தேனோ, அதைக் கைக்கொண்டுதான் சந்திரசேகர் சந்திரசேகர் ஆனார். அவர் பெயரைச் சொல்லியே அந்தப் பாடத்திலிருந்து ஒரு பிள்ளையை விரட்டினேன்.

தம்பி என் சொல்படி செய்தார். முதல் அரையாண்டிலேயே திணறினார். நகல் எடுக்க அவருக்கு மனம் வரவில்லை. நான் எடுத்தேன், அதனால் தப்பினேன். அவர் எடுக்கவில்லை, அதனால் விழுந்தார். இதை எந்தச் சமாதானமும் இல்லாமல் அப்படியே எழுதுகிறேன். இரண்டு அரையாண்டுகளிலும் சராசரி கிரேடு தேவையான அளவுக்குக் கீழே போய்விட்டது. தொடர முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அன்றிரவு எனக்குத் தொலைபேசியில் அழைத்தார். அழவில்லை. "அண்ணா, எனக்கு மூளை அவ்வளவுதான் போலிருக்கு" என்றார்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். நான் சொன்னது: "நீ இன்னும் கொஞ்சம் உழைச்சிருக்கணும் தம்பி."

என் வாழ்க்கையில் நான் சொன்னவற்றில் இதைவிடக் கேவலமான வாக்கியம் இல்லை.

அவர் என்னைத் தொலைபேசியில் அழைத்தபோது நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். என் ஆய்வு வழிகாட்டி கறாரானவர். குவாலிஃபையரில் தோற்றதும், இரண்டாம் முறை எழுதுவதற்கு முன் இளநிலை மாணவர்களின் வெப்ப இயற்பியல் வகுப்பில் போய் உட்காரச் சொல்லியிருந்தார். வேறு வழியில்லாமல் உட்கார்ந்தேன். யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அங்கே டேனியல் ஷ்ரோடரின் பாடப்புத்தகம். நான் அர்த்தம் தெரியாமல் கடந்த புலக் கோட்பாட்டுப் புத்தகத்தைப் பெஸ்கினோடு சேர்ந்து எழுதிய அதே ஷ்ரோடர். அவர் தனியாக எழுதியது இந்த இளநிலைப் புத்தகம். அதில் தொடக்கத்திலேயே ஒரு கணக்கு வரும். ஒரு திண்மத்தில் 300 அலையியற்றிகள், தொட்டுக்கொண்டிருக்கும் மற்றொன்றில் 200. இரண்டுக்கும் சேர்த்து 100 ஆற்றல் அலகுகள். எத்தனை வகையில் பங்கிடலாம் என்று ஒவ்வொன்றாக எண்ண வேண்டும், கணினியில் அட்டவணை போட்டு. 60 அலகு இந்தப் பக்கம், 40 அந்தப் பக்கம் இருக்கும் நிலையில் வழிகளின் எண்ணிக்கை உச்சத்துக்குப் போகிறது. 300க்கு 200 என்ற அதே விகிதம். அதை விட்டு விலக விலக எண்ணிக்கை படுவேகமாகச் சரிகிறது. வெப்பம் ஏன் சூடான பொருளிலிருந்து குளிர்ந்த பொருளுக்கு மட்டும் போகிறது என்ற கேள்விக்கு விடை அந்த அட்டவணையில் என் கண்முன் இருந்தது. எந்த விதியும் அதைத் தள்ளவில்லை. அந்தப் பக்கம் வழிகள் அதிகம், அவ்வளவுதான். எண்ட்ரோபி என்ற சொல்லை அதற்கு முன் நான் எத்தனையோ விடைத்தாள்களில் எழுதியிருக்கிறேன். அன்றைக்குத்தான் முதல்முறையாக அது என்னவென்று தெரிந்தது. எனக்கு இயற்பியல்மேல் உண்மையான ஆசை வந்ததும் அந்த வகுப்பில்தான்.

இந்த மகிழ்ச்சியில் நான் திளைத்துக்கொண்டிருந்தபோதுதான் தம்பி அழைத்தார். அவருக்கு இதே வகுப்பு, இதே மகிழ்ச்சி, ஒரு வருடத்துக்கு முன்பே கிடைத்திருக்க வேண்டியது. அவர் கேட்டார். நான் தடுத்தேன்.

இரண்டாம் முறை குவாலிஃபையரில் தேறினேன், பட்டம் வாங்கினேன், ஊர் திரும்பினேன், வேலை கிடைத்தது. இவற்றைப் பற்றி விரித்து எழுத ஒன்றும் இல்லை.

கேட்கும் பிள்ளைகளுக்கு இப்போது நான் நினைப்பதைச் சொல்கிறேன். மேல்நிலைப் பாடத்தை முன்கூட்டியே எடுப்பது தவறு என்று நான் சொல்லவில்லை. ஃபெயின்மன் எம்.ஐ.டி.யில் இரண்டாம் ஆண்டிலேயே, மூத்த மாணவர்களுக்கும் ஆய்வு மாணவர்களுக்கும் உரிய கோட்பாட்டு இயற்பியல் வகுப்பில் உட்கார்ந்தார். வெல்டன் என்ற சகமாணவரும் கூட இருந்தார். அடித்தளம் இருந்தது, ஆசை இருந்தது, கணக்குகளைத் தாங்களே போட்டார்கள். இயந்திரவியல், மின்காந்தவியல், குவாண்டம், வெப்ப இயற்பியல் இந்த நான்கிலும் இளநிலைப் புத்தகத்துக் கணக்குகளைத் துணையில்லாமல் போட முடிகிறவர், ஓர் ஆய்வகத்தில் உண்மையாகக் கை நனைத்தவர், தாராளமாகப் பிஎச்.டி. வகுப்புக்குப் போகலாம். போகவும் வேண்டும், காத்திருந்து ஒன்றும் ஆகப்போவதில்லை. செய்யப்போகும் ஆய்வுக்கு அந்தப் பாடம் உடனே தேவை என்றால் அதுவும் நல்ல காரணம். டிரான்ஸ்கிரிப்டில் பெயர் இருக்கட்டும் என்பது காரணமே இல்லை. சுமாராக முடித்த புலக் கோட்பாட்டைவிட நன்றாகப் படித்த புள்ளியியல் இயக்கவியல் தேர்வுக் குழுவின் கண்ணிலும் மேல், குவாலிஃபையரிலும் மேல், பிறகு செய்யும் ஆய்வில் அதைவிட மேல்.

எது தனக்குத் தேவை என்று எப்படித் தெரிந்துகொள்வது என்றால், அதற்குப் பெரிய சோதனை தேவையில்லை. பழைய குவாலிஃபையர் கேள்வித்தாள்களைப் பல அமெரிக்கத் துறைகள் பொதுவில் வைத்திருக்கின்றன. சிகாகோ, பிரின்ஸ்டன் கேள்விகள் புத்தகமாகவே வந்திருக்கின்றன. ஒரு விடுமுறை நாளில் கதவைச் சாத்திக்கொண்டு, இளநிலைப் பகுதியில் பத்துக் கணக்கு எடுத்துப் போட்டுப் பாருங்கள். சோவியத் இயற்பியலாளர் லாண்டாவிடம் மாணவராகச் சேர வந்தவர்களுக்கு முதல் தேர்வே கணிதம்தான். தொகையீடு போடத் தெரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மற்றதெல்லாம். 1934 முதல் 1961 வரை அவருடைய தேர்வுகள் அனைத்தையும் முடித்தவர்கள் 43 பேர். அவ்வளவு பெரிய மனிதர் அடிப்படையிலிருந்து தொடங்கியதில் யாருக்கும் அவமானம் இருந்ததாகத் தெரியவில்லை.

ஆசிரியர்களுக்கும் ஒன்று. கைடு வைத்து ரேங்க் வாங்கிய பிள்ளை உங்கள் முன்னால் வந்து நிற்கும்போது, "படிச்சிருக்கியா?" என்று கேட்டால் "ஆமாம்" என்றுதான் சொல்லும். ஒரு காகிதத்தைக் கொடுத்து ஒரு கணக்கைப் போடச் சொல்லுங்கள். என்னிடம் யாராவது அப்படிச் செய்திருந்தால் அன்றைக்கு எனக்குக் கோபம் வந்திருக்கும். இரண்டு பேர் பிழைத்திருப்போம்.

சென்ற ஆண்டு தம்பிக்கு எழுதினேன். நடந்ததை முழுவதும் எழுதினேன்: தோற்ற தேர்வு, இழுப்பறையில் கிடந்த விடைத்தாள், நகல்கள், எல்லாம். அவர் இப்போது ஒரு வங்கியில் வேலை பார்க்கிறார். பதில் வர நாளானது. "இத்தனை வருஷமா எனக்கு அறிவு பத்தலைன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன் அண்ணா. அப்பவே சொல்லியிருந்தீங்கன்னா நான் அந்த கிளாஸுக்குப் போயிருப்பேன்" என்று எழுதியிருந்தார். மன்னித்தேன் என்று எழுதவில்லை. எழுத வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. இதை எழுதலாமா என்று கேட்டேன். "என் பேர் வேண்டாம். மத்தபடி எழுதுங்க, பசங்களுக்குப் பயன்படும்" என்றார்.

ஆகவே, வரும் ஆண்டில் பாடங்களைத் தேர்ந்தெடுக்கப்போகும் பிள்ளைகளே, என்னைப் போன்ற சீனியர்களிடம் நீங்கள் ஆலோசனை கேட்கத்தான் போகிறீர்கள். கேளுங்கள். என்ன பாடம் எடுத்தீர்கள் என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். அதில் உங்களுக்கு எது புரியவில்லை, எந்தத் தேர்வில் தோற்றீர்கள், எந்தக் கணக்கை நீங்களே போட்டீர்கள் என்றும் கேளுங்கள். பதில் சொல்லாமல் சந்திரசேகரின் கதையைச் சொல்கிறவரின் ஆலோசனையை எடுத்துக்கொள்ளாதீர்கள்.